புழுக்கத்துக்கு ஓர் எண் உண்டு

ஆவணி மாதத்துப் பிற்பகல், மூன்று மணி. சுங்குவார்சத்திரத்தில் பெங்களூரு நெடுஞ்சாலை ஓரமாக ஏ.சி. கம்பெனி பஸ் ஒன்று வந்து நிற்கிறது. முதல் ஷிஃப்ட் முடிந்தவர்கள் ஒவ்வொருவராக இறங்குகிறார்கள். கழுத்தில் அடையாள அட்டை, தோளில் பை, கையில் தண்ணீர் பாட்டில். மூக்குக்கண்ணாடி போட்ட பெண் ஒருவர் தரையில் கால் வைத்ததும் அப்படியே நின்றுவிடுகிறார். கண்ணாடி இரண்டும் வெள்ளையாகப் பூத்துவிட்டன. கழற்றித் துப்பட்டா நுனியால் துடைக்கிறார். மாட்டினால் மறுபடி பூக்கிறது. பின்னால் வருகிறவர்களுக்கு வழிவிட்டு ஒதுங்கி, அது தானாகத் தெளிந்த பிறகே நடக்கிறார். பஸ்ஸின் ஜன்னல்களைப் பார்த்தேன். அவற்றிலும் வெளிப்பக்கமாக நீர் பூத்திருந்தது.

இதே பஸ், இதே ஏ.சி., இதே மூக்குக்கண்ணாடிதான் தை மாதத்திலும். ஆனால் அப்போது இப்படி ஆகாது. காரணம் இதுதான். பஸ்ஸுக்குள் இருந்த கண்ணாடி சுமார் 23 டிகிரி செல்சியஸுக்குக் குளிர்ந்திருந்தது. ஆவணிக் காற்றில் கலந்திருந்த நீராவியோ, 25 டிகிரிக்குக் குளிர்ந்தாலே தண்ணீராக மாறிவிடும் அளவுக்கு நிறைந்திருந்தது. அந்த 25-க்குப் பெயர் பனிப்புள்ளி. அதைவிடக் குளிர்ந்த எந்தப் பொருள் அந்தக் காற்றில் பட்டாலும் அதன்மேல் நீர் படியும். தை மாதத்தில் இந்த வட்டாரத்தின் பனிப்புள்ளி 20-ஐ ஒட்டி இறங்கிவிடுகிறது. அப்போது 23 டிகிரிக் கண்ணாடி பனிப்புள்ளியைவிடச் சூடானது. அதில் ஒன்றும் படியாது.

அந்தப் பெண்ணின் மூக்குக்கண்ணாடி அன்றைக்கு ஒரு வானிலைக் கருவியாக வேலை செய்தது. அது சொன்ன எண்ணை மட்டும் யாரும் அவருக்கு வாய்விட்டுச் சொல்வதில்லை. ஸ்ரீபெரும்புதூர், சுங்குவார்சத்திரம், ஒரகடம் என்று நீளும் இந்தத் தொழில் வட்டாரத்தில் லட்சக்கணக்கானவர்கள் உடம்பால் உணர்ந்துகொண்டிருக்கும் எண் அது.

சதவீதம் செய்யும் குழப்பம்

நமக்குச் சொல்லப்படுவது வேறு எண். வானிலை அறிக்கையில் அதிகபட்ச வெப்பம், குறைந்தபட்ச வெப்பம், அப்புறம் காலை எட்டரை மணிக்கும் மாலை ஐந்தரை மணிக்கும் ஈரப்பதம் இத்தனை சதவீதம். அந்தச் சதவீதத்தைப் பார்த்து இன்றைக்குப் புழுக்கம் எப்படி இருக்கும் என்று கணிக்க முயன்றவர்கள் ஏமாந்திருப்பார்கள்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். விடியற்காலை 26 டிகிரி, பனிப்புள்ளி 24. ஈரப்பதம் 89 சதவீதம் வரும். அதே நாள் மதியம் 37 டிகிரி. காற்றில் இருக்கும் நீராவி கூடவும் இல்லை, குறையவும் இல்லை, பனிப்புள்ளி அதே 24. இப்போது ஈரப்பதம் 47 சதவீதம். எண் பாதியாகிவிட்டது. காற்று காய்ந்துவிட்டதாகத்தான் தோன்றும். உண்மையில் ஒரு சொட்டு நீராவிகூட எங்கும் போகவில்லை. காற்றின் கொள்ளளவு வெப்பத்தோடு சேர்ந்து பெருத்ததால், அதே நீராவி சின்னப் பங்காகத் தெரிகிறது. ஆழாக்கில் ததும்பிய அரிசியைப் படியில் கொட்டினால் அடியில் கிடப்பதுபோலத்தான்.

ஊட்டியில் ஒரு குளிர்காலக் காலை, 8 டிகிரி, மூடுபனி, ஈரப்பதம் 100 சதவீதம். அங்கே ஒரு கன மீட்டர் காற்றில் இருக்கும் நீராவி சுமார் 8 கிராம். சுங்குவார்சத்திரத்தின் அந்த 47 சதவீத மதியத்தில் ஒரு கன மீட்டரில் கிட்டத்தட்ட 21 கிராம். ஊட்டியின் நூறைவிட நம் நாற்பத்தேழு இரண்டரை மடங்கு ஈரமானது. யாருக்கு வியர்க்கும் என்று கேட்கவே வேண்டாம்.

சதவீதம் பயனற்றது என்று சொல்ல வரவில்லை. முறுக்கு நமத்துப்போவது, உப்பு கசிவது, மரக்கதவு ஊதிக்கொண்டு சாத்த மறுப்பது, தோல் செருப்பில் பூஞ்சை பூப்பது எல்லாம் சதவீதத்தைப் பொறுத்தவை. பொருள்கள் தம்மைச் சுற்றியுள்ள காற்றின் வெப்பத்திலேயே இருக்கின்றன. அவற்றுக்குச் சதவீதமே கணக்கு. நம் உடம்பு அப்படி இல்லை. வெளியில் 26 இருந்தாலும் 37 இருந்தாலும் வியர்க்கும் தோலின் வெப்பம் 35 டிகிரியை ஒட்டித்தான் நிற்கும். தோலிலிருந்து வியர்வை காற்றுக்குப் போக வேண்டும். அது போகுமா, தேங்குமா என்பதை முடிவு செய்வது தோலின் 35-க்கும் காற்றின் பனிப்புள்ளிக்கும் உள்ள இடைவெளிதான். அதனால்தான் பனிப்புள்ளியை மனிதனுக்கான எண் என்று சொல்லத் துணிகிறேன்.

தமிழ் இந்த இரண்டையும் எப்போதோ பிரித்து வைத்துவிட்டது. பங்குனி வெயிலில் அனல் அடித்தால் அது வெக்கை. காற்றே அசையாமல், உடம்பு பிசுபிசுத்து, மூச்சு முட்டினால் அது புழுக்கம். நெல்லை ஊறவைத்து ஆவியில் அவிப்பதற்கும் புழுக்குதல் என்றுதான் பெயர். புழுங்கல் அரிசி வந்தது அப்படி. நெல் அண்டாவுக்குள் எப்படி அவிகிறதோ அப்படி நாம் காற்றுக்குள் அவிகிறோம் என்பதை ஒரே வேர்ச்சொல்லில் சொல்லிவிட்டார்கள். வானிலை அறிக்கையில் வெக்கைக்கு எண் இருக்கிறது. புழுக்கத்துக்கு இல்லை.

பனியைப் பற்றிய அறிவும் அப்படித்தான். ஆண்டை ஆறு பெரும்பொழுதாகப் பிரித்தவர்கள் அதில் இரண்டைப் பனிக்குக் கொடுத்தார்கள். மார்கழியும் தையும் முன்பனி, மாசியும் பங்குனியும் பின்பனி. இரவின் முற்பகுதியிலேயே பனி இறங்குவது முன்பனி, விடியலை ஒட்டி இறங்குவது பின்பனி என்று பொருள் சொல்வார்கள். பனிப்புள்ளியை வைத்துப் பார்த்தால் இது துல்லியமான கவனிப்பு. நீண்ட மார்கழி இரவில் தரை சீக்கிரமே குளிர்ந்து பனிப்புள்ளியைத் தொட்டுவிடுகிறது. மாசியில் பகல் வெப்பம் ஏறிவிட்டதால், தரை இரவு முழுக்க ஆறி, விடியலுக்குச் சற்று முன்புதான் அந்தப் புள்ளிக்கு வந்து சேர்கிறது. வெப்பமானி இல்லாதவர்கள் கண்டு வைத்த கணக்கு இது. பனி ஏன் படிகிறது என்பதை வில்லியம் சார்லஸ் வெல்ஸ் என்ற மருத்துவர் லண்டனில் சோதனைகள் செய்து எழுதி வெளியிட்டது 1814-ல்.

41 பெரிதா, 36 பெரிதா?

வியர்வை எப்படிக் குளிர்விக்கிறது என்பதைக் கொஞ்சம் பொறுமையாகப் பார்க்க வேண்டும். ஒரு லிட்டர் வியர்வை தோலிலேயே ஆவியானால் அது உடம்பிலிருந்து எடுத்துச் செல்லும் வெப்பம், மூன்றில் இரண்டு யூனிட் மின்சாரத்துக்குச் சமம். நம்மிடம் இருக்கும் மிகச் சிறந்த குளிர்சாதனம் அதுதான். நிபந்தனை ஒன்றே ஒன்று: ஆவியாக வேண்டும். சொட்டி ஓடினால் பலன் இல்லை. புழுக்கமான நாளில் தொப்பலாக நனைந்தும் உடம்பு கொதிப்பதற்குக் காரணம், அந்த வியர்வை வேலை செய்யாமல் வடிந்துபோனதுதான்.

கத்திரி வெயிலில் இரண்டு நாட்களை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் நாள் மேற்கிலிருந்து தரைக்காற்று, 41 டிகிரி, பனிப்புள்ளி 20. இரண்டாம் நாள் கடற்காற்று நேரத்தோடு வந்துவிட்டது, 36 டிகிரி, பனிப்புள்ளி 27. தலைப்புச் செய்தி எதற்கு வரும்? 41-க்கு. 36 வந்த நாளில் "வெயில் சற்றே தணிந்தது" என்பார்கள்.

உடம்பின் பக்கம் நின்று பார்ப்போம். 35 டிகிரித் தோலின் நீராவி அழுத்தம் சுமார் 56 மில்லிபார். முதல் நாள் காற்றின் நீராவி அழுத்தம் 23; வியர்வையை உறிஞ்ச இடைவெளி 33. இரண்டாம் நாள் காற்றில் 36. இடைவெளி வெறும் 20. வியர்வை காயும் வேகம் ஐந்தில் இரண்டு பங்கு குறைந்துவிட்டது. வெப்பமானியின் குமிழில் ஈரத்துணி சுற்றிக் காற்றில் வைத்தால் கிடைக்கும் ஈரக்குமிழ் வெப்பநிலையைப் பார்த்தாலும் முதல் நாள் 27-ஐத் தொடாது. இரண்டாம் நாள் 29-ஐத் தாண்டும். நிழலில் நின்று வேலை செய்கிற ஒருவருக்கு "தணிந்த" அந்த இரண்டாம் நாளே கொடியது.

ஈரக்குமிழ் 35 டிகிரியைத் தொட்டால் எந்த மனித உடம்பும் சில மணி நேரத்துக்கு மேல் தாங்காது என்று நீண்டகாலம் ஏட்டில் ஒரு கணக்கு இருந்தது. அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஆரோக்கியமான இளைஞர்களை வைத்துச் சோதித்து 2022-ல் வெளியிட்ட முடிவுகள், ஈரம் மிகுந்த காற்றில் இந்த எல்லை 31-ஐ ஒட்டியே வந்துவிடுவதைக் காட்டின. அதுவும் லேசான வேலை செய்தவர்களுக்கு. சித்திரை, வைகாசியில் பனிப்புள்ளி 25-ஐ ஒட்டி நடமாடும் நம் வட்டாரம் அந்த எல்லையிலிருந்து அப்படியொன்றும் தொலைவில் இல்லை.

2024 அக்டோபர் 6, ஞாயிற்றுக்கிழமை. சென்னை மெரினாவில் விமானப்படையின் சாகச நிகழ்ச்சி. லட்சக்கணக்கில் மக்கள் கூடினார்கள். கத்திரி முடிந்து நாலு மாதம் ஆகியிருந்தது. வெப்பம் 35 டிகிரி அளவில்தான். ஐந்து பேர் இறந்தார்கள், ஏராளமானோர் மயங்கி விழுந்து மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்டார்கள். கடலோரத்தில் வெப்ப அலை என்று அறிவிக்க இந்திய வானிலை ஆய்வுத் துறை வைத்திருக்கும் வரம்பு குறைந்தது 37 டிகிரி, அதுவும் வழக்கத்தைவிட 4.5 டிகிரி கூடியிருக்க வேண்டும். அன்று அந்த எச்சரிக்கைக்கு இடமே இல்லை. நெரிசலும் தாகமும் வெயிலும் சேர்ந்த துயரம் அது. ஆனால் ஐப்பசி பிறக்கப் போகிற நேரத்துக் கடலோரக் காற்றில் வியர்வை காயாது என்பதை முன்கூட்டியே சொல்ல ஓர் எண் கைவசம் இருந்தது. அதே அக்டோபரில் தமிழ்நாடு அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. நல்ல முடிவு. புழுக்கத்தையும் அந்தக் கணக்கில் சேர்க்கும் வேலை பாக்கி இருக்கிறது.

கேட்டுக்கு உள்ளே

என்னை இந்தக் கட்டுரைக்கு இழுத்துவந்த விஷயம் இனிமேல்தான் வருகிறது. வெளியே யாருக்கும் தெரியாத இந்த எண், கேட்டுக்கு உள்ளே தினசரிப் பேச்சு. எந்த ஆலையின் மெயின்டெனன்ஸ் ஆளிடமும் பனிப்புள்ளியை "ட்யூ பாயிண்ட்" என்று சொல்லிப் பாருங்கள், விளக்கம் கேட்க மாட்டார். ஐ.டி.ஐ. முடித்து வந்த பையன் ஷிஃப்டுக்கு இத்தனை முறை என்று அதைப் பார்த்து லாக் புக்கில் எழுதுகிறான்.

முதலில் கம்ப்ரசர் அறை. ஸ்க்ரூ முறுக்கும் கருவி முதல் பெயின்ட் துப்பும் துப்பாக்கிவரை அழுத்தக் காற்றில்தான் ஓடுகிறது. அந்தக் காற்று வெளியிலிருந்து, அதாவது நாம் மூச்சுவிடும் அதே காற்றிலிருந்து எடுக்கப்படுகிறது. மணிக்கு 1,000 கன மீட்டர் காற்றை இழுக்கும் நடுத்தரமான ஒரு கம்ப்ரசரை எடுத்துக்கொள்வோம். நாம் மேலே பார்த்த மதியத்தில் அது மணிக்கு 21 லிட்டர் தண்ணீரை நீராவியாக விழுங்குகிறது. காற்றை எட்டில் ஒரு பங்காக நெருக்கும்போது அந்த ஈரம் தங்க இடம் இருக்காது. அப்படியே விட்டால் குழாயெல்லாம் துரு, கருவியெல்லாம் நீர், பெயின்டில் கொப்புளம். அதனால் ஏர் டிரையர் என்ற இயந்திரத்தில் காற்றைக் குளிர்வித்துப் பிழிகிறார்கள். டிரையரின் முகப்பில் 3 டிகிரி என்று ஒளிர்வதுதான் ட்யூ பாயிண்ட். இன்னும் காய்ந்த காற்று தேவைப்படும் இடத்தில் மைனஸ் 40 வரை இறக்குகிறார்கள். மணிக்கு 20 லிட்டர் அளவுக்குத் தண்ணீர் வடிகுழாயில் சொட்டிப் போகிறது. ஸ்ரீபெரும்புதூர்ப் புழுக்கத்தைக் கண்ணால் பார்க்க வேண்டுமென்றால் அந்தக் குழாயைப் பார்க்கலாம்.

அடுத்து மின்னணுப் பொருள் கட்டும் லைன். சிப் என்று நாம் சொல்லும் கறுப்புத் துண்டின் பிளாஸ்டிக் உறைக்குக் காற்றிலிருந்து ஈரம் குடிக்கும் குணம் உண்டு. ஈரம் குடித்த சிப்பை ஈயம் உருக்கும் அடுப்பில் செலுத்தினால் உள்ளே நீர் ஆவியாகி வெடிக்கும். லைனில் அதற்குப் "பாப்கார்ன்" என்றே பெயர். அதனால் ஈரம் புகாத பைகளில், ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலத்தோடும், ஈரம் பட்டால் நிறம் மாறும் அட்டையோடும் வருகின்றன. பையைப் பிரித்த நிமிடத்திலிருந்து கடிகாரம் ஓடத் தொடங்கும். உலகம் முழுக்க இந்தத் தொழில் பின்பற்றும் தரவிதிப்படி, மூன்றாம் நிலை சிப் ஒன்று 30 டிகிரி, 60 சதவீத ஈரத்துக்கு மிகாத காற்றில் 168 மணி நேரம்தான் வெளியே இருக்கலாம். அதைத் தாண்டினால் அடுப்பில் வைத்து உலர்த்தி, கணக்கை முதலிலிருந்து தொடங்க வேண்டும். ஈரம் ரொம்பக் குறைந்தாலும் ஆபத்து. நிலைமின்சாரம் சேர்ந்து சிப்பைச் சுட்டுவிடும். அதனால் லைன் ஓடும் ஹாலின் ஈரத்தை மேலேயும் போகவிடாமல் கீழேயும் போகவிடாமல் காற்றைப் பதப்படுத்தும் ஏ.ஹெச்.யு. இயந்திரம் இரவு பகலாகப் பிடித்து வைக்கிறது.

கார் ஆலைகளின் பெயின்ட் ஷாப்பிலும் இதே கட்டுப்பாடுதான். தண்ணீர் கலந்த பெயின்ட் எந்த வேகத்தில் காய வேண்டுமோ அந்த வேகத்துக்குத் தக்கபடி காற்றைத் தயாரித்துத் தருகிறார்கள்.

இங்கே தயாராகும் பொருளுக்குள்ளேயே இந்த எண் ஒளிந்திருக்கிறது என்பது எனக்குப் பிடித்த செய்தி. சுங்குவார்சத்திரத்தில் சாம்சங் ஆலை ஃப்ரிட்ஜ் செய்கிறது. உங்கள் வீட்டு ஃப்ரிட்ஜ் எந்த நிறுவனத்துடையதாக இருந்தாலும், கதவைத் திறந்து சட்டத்தின் ஓரத்தைத் தொட்டுப் பாருங்கள். பல மாடல்களில் வெதுவெதுப்பாக இருக்கும். ரிப்பேர் என்று பயந்து மெக்கானிக்கைக் கூப்பிட்டவர்கள் உண்டு. உள்ளே இருக்கும் குளிர் அந்த ஓரத்தைப் பனிப்புள்ளிக்குக் கீழே கொண்டுபோனால் அங்கே நீர் வேர்த்துக் கேஸ்கெட் பூஞ்சை பிடிக்கும். அதைத் தடுக்கவே சூடான குழாய் ஒன்றை அந்தச் சட்டத்துக்குள் ஓட்டியிருக்கிறார்கள். நம் வீட்டு அடுப்படியின் புழுக்கத்தை நினைத்துப் பொறியாளர் போட்ட கணக்கு அது.

இந்தச் சீமைக்கு ஈரத்தோடு பழக்கம் புதிதில்லை. அடுத்திருக்கும் காஞ்சிபுரத்தில் நெசவாளர்கள் குழித்தறியில் உட்கார்ந்தது மண்ணின் ஈரம் பட்டு இழையைக் காக்கும் என்பதாலும்தான். காற்று காய்ந்தால் இழை அறும்; அதனால் தெருவில் பாவு விரிப்பது வெயில் ஏறும் முன்பு நடக்கும் வேலை. பருத்தி மில்கள் வந்தபோது காற்றில் செயற்கையாக நீரைத் தூவி நூலைக் காத்தார்கள். அந்த ஈரம் தொழிலாளியை வாட்டியது. 1948-ம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் செயற்கை ஈரமூட்டலுக்கென்று 15-வது பிரிவைத் தனியாக ஒதுக்கியது அதனால்தான். நூலுக்கு வேண்டிய ஈரம் மனிதனை எந்த அளவுக்குமேல் வருத்தக் கூடாது என்று யோசித்த தலைமுறை ஒன்று இருந்திருக்கிறது.

கடற்காற்று வந்து சேரும்போது

சுங்குவார்சத்திரம் கடலிலிருந்து சுமார் நாற்பது கிலோமீட்டர் உள்ளே. சென்னைக்கு மதியம் வரும் கடற்காற்று இங்கே வந்து சேர மாலை ஆகிவிடும். சில நாள் வராமலே போகும். அது வந்ததை இரண்டு விதமாக அறியலாம். வெப்பம் இரண்டு மூன்று டிகிரி இறங்கும். கூடவே பனிப்புள்ளி ஏறும். வெயில் தணிந்ததே என்று முகம் மலர்ந்த பத்தாம் நிமிடத்தில் சட்டை முதுகில் ஒட்டும். ஷெட்டுக்குள் ஓடும் டிரம் கூலர் மதியம்வரை ஜில்லென்று வீசியது, இப்போது ஈரத்தை மட்டும் முகத்தில் அப்பும். தண்ணீரை ஆவியாக்கிக் குளிர்விக்கும் இயந்திரம் அது. நம் வியர்வைக்கு வந்த அதே கதி அதற்கும்.

ஆடி, ஆவணியில் மேற்குக்காற்றும் இந்தக் கடற்காற்றும் மோதும் கோடு பல நாட்களில் காஞ்சிபுரம், திருவள்ளூர் மாவட்டங்களின் மேலேதான் விழுகிறது. ஈரக்காற்று மேலே தள்ளப்படுகிறது. எவ்வளவு உயரத்தில் மேகம் கட்டும் என்று கணிக்க எளிய வழி உண்டு: வெப்பத்திலிருந்து பனிப்புள்ளியைக் கழித்து 125-ஆல் பெருக்கினால் மேக அடியின் உயரம் மீட்டரில் வரும். 37-லிருந்து 24 போனால் 13; சுமார் 1,600 மீட்டர். "ரொம்ப இறுக்கமா இருக்கு, ராத்திரி மழை இருக்கும்" என்று பெட்டிக்கடையில் சொல்வார்களே, அந்த இறுக்கம் தரையருகே சேர்ந்த ஈரம்தான். இடிமழைக்கு எரிபொருளும் அதுவே.

மார்கழியில் இதே சாலையில் வேறு காட்சி. ஏரிகள் சூழ்ந்த நிலம் இது. விடியற்காலை பஸ் ஓட்டுகிறவர்களுக்கு மூடுபனி பழகியிருந்தாலும், போகியன்று எரிக்கும் புகையின் துகள்களைச் சுற்றி நீர் திரண்டு எதிரே வரும் லாரியே தெரியாமல் போய்விடும். அந்த நேரத்தில் கண்ணாடி மங்கினால், நாற்பது பேரின் மூச்சு குளிர்ந்த கண்ணாடியில் படிந்ததாக இருக்கும். உள்ளே துடைக்க வேண்டும். ஆவணியில் ஏ.சி. ஓடும்போது மங்கினால் வெளியே, வைப்பர் போட வேண்டும்.

அறைக்குள் ஆறு பேர்

ஷிஃப்ட் முடிந்து இறங்கியவர்கள் போகும் இடம் ரூம் அல்லது ஹாஸ்டல். 2021 டிசம்பரில் விடுதி உணவால் நோயுற்ற பெண் தொழிலாளர்களுக்காக நெடுஞ்சாலையில் மறியல் நடந்தபோதுதான் இந்த அறைகளைப் பற்றி வெளியுலகம் பேசத் தொடங்கியது. 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 18,720 பேர் தங்கும் விடுதி வளாகத்தை அரசு திறந்தது. பெரிய காரியம். இருந்தாலும் வட்டாரம் முழுக்க, ஷீட் கூரையின் கீழும் மொட்டைமாடி அறையிலும் ஏ.சி. இல்லாமல் படுப்பவர்கள் ஏராளம்.

அப்படி ஓர் அறையின் கணக்கைப் பார்ப்போம். பத்தடிக்குப் பதினாலடி, உயரம் பத்தடி. சுமார் 40 கன மீட்டர். இரவு 30 டிகிரி, பனிப்புள்ளி 25. அந்தக் காற்று நிறைந்து வழிய இன்னும் 310 கிராம் அளவுக்கு நீராவி போதும். தூங்கும் ஒரு மனித உடம்பு மூச்சாலும் தோலாலும் மணிக்கு 40 முதல் 50 கிராம் ஈரத்தைக் காற்றில் விடுகிறது. ஆறு பேர் என்றால் மணிக்கு 270 கிராம். பாதுகாப்புக்கும் கொசுவுக்கும் பயந்து ஜன்னலைச் சாத்திவிட்டால், கணக்குப்படி ஒரு மணி நேரத்துக்குச் சற்றுமேல் போனால் அந்தக் காற்று நிறைந்து, வியர்வை காய்வது மிகவும் மந்தமாகிவிடும் நிலை வந்துவிடும். சுவரும் துணியும் கொஞ்சம் உறிஞ்சும், கதவிடுக்கு கொஞ்சம் விடும். அதனால் சற்றுத் தாமதமாகலாம். உள்ளேயே ஈரத்துணி காயப்போட்டிருந்தால் சீக்கிரமே வரும். மின்விசிறி ஈரக்காற்றையே சுழற்றிக்கொண்டிருக்கும். சுவர் உச்சியில் இரண்டு துளையும், ஈரக்காற்றை வெளியேற்றும் ஒரு சின்ன விசிறியும் இருந்தால் போதும், நிலைமை மாறும். தங்குமிடத்தை ஆய்வு செய்கிறவர்கள் கட்டிலை எண்ணுகிறார்கள், கழிவறையை எண்ணுகிறார்கள். இரவு இரண்டு மணிக்கு அந்த அறையின் பனிப்புள்ளியையும் எடுக்க வேண்டும் என்று நான் கேட்கிறேன். இரவில் உடம்பு ஆறாமல் காலையில் மறுபடி லைனில் நிற்கிறவர்களின் களைப்பு அங்கேதான் தொடங்குகிறது.

எண் வைத்தால் என்ன ஆகும் என்பதற்கு உதாரணம் இருக்கிறது. நம் ஊர்க்காரர்கள் ஆயிரக்கணக்கில் வேலை செய்யும் கத்தாரில் 2021-ல் ஒரு விதி வந்தது. ஈரக்குமிழும், வெயிலும், காற்றின் வெப்பமும் சேர்ந்த குறியீடு 32.1 டிகிரியைத் தாண்டினால் வெளிவேலை நிற்க வேண்டும். அந்தக் குறியீட்டில் பத்தில் ஏழு பங்கு ஈரக்குமிழுக்கே. 1950-களில் அமெரிக்கப் படைவீரர்கள் பயிற்சியில் சுருண்டு விழுந்ததைத் தடுக்க உருவான அளவு அது. அதே அளவுகோலை வைத்துத் தமிழ்நாட்டின் வேலைத்தலங்களைப் பல ஆண்டுகளாக அளந்துவருகிறவர், இந்தச் சாலை வழியிலேயே இருக்கும் போரூர் ஸ்ரீ ராமச்சந்திரா உயர்கல்வி ஆராய்ச்சி நிறுவனத்தின் வித்யா வேணுகோபால். தமிழ்நாட்டில் 800 கர்ப்பிணிகளைத் தொடர்ந்து கவனித்த அவர் குழுவின் ஆய்வு, கடும் வெப்பத்தில் வேலை செய்தவர்களுக்குக் கருச்சிதைவு அபாயம் இரு மடங்கு என்று கண்டது. இளம்பெண்கள் இவ்வளவு பேர் வேலை செய்யும் ஒரு வட்டாரம் இதைக் கேட்டுவிட்டுச் சும்மா இருக்க முடியாது.

ஹாலுக்குள் இருப்பவர்கள் சிப்புக்காகத் தயாரித்த காற்றில் பங்கு பெறுகிறார்கள். பொருளை ஏற்றி இறக்கும் தளத்தில், கேன்டீன் அடுப்படியில், பிரஸ் ஷாப்பில், கேட்டில் நிற்கும் செக்யூரிட்டிக் கூண்டில், பெரும்பாலும் கான்ட்ராக்டில் இருப்பவர்களுக்கு அது கிடையாது. 168 மணி நேரம் என்று சிப்புக்கு இருப்பதுபோல, இந்தக் காற்றில் இத்தனை நிமிடம், பிறகு நிழல், தண்ணீர், ஓய்வு என்று அவர்களுக்கும் எழுதி வைக்க அறிவியல் தயாராக இருக்கிறது. கருவியும் கம்ப்ரசர் அறையிலேயே இருக்கிறது. ஆலை வாசலில் "விபத்தில்லா நாட்கள்" என்று பெரிய பலகை வைத்திருக்கிறார்கள். அதில் இன்னொரு வரிக்கு இடம் உண்டு.

அதுவரை காத்திருக்க வேண்டியதும் இல்லை. மெல்லிய எவர்சில்வர் டம்ளர் ஒன்று, சாதாரணத் தண்ணீர், கொஞ்சம் ஐஸ், ஒரு வெப்பமானி. டம்ளரின் வெளிப்பக்கத்தை நன்றாகத் துடைத்துவிட்டு, ஐஸைத் துண்டு துண்டாகப் போட்டு மெதுவாகக் கலக்குங்கள். பளபளப்பு மங்கி முதல் ஈரம் பூக்கும் நொடியில் தண்ணீரின் வெப்பத்தைப் பாருங்கள். பிரான்சின் மோம்பெல்லியே நகர மருத்துவர் சார்ல் லெ ரோய் 1751-லேயே இப்படித்தான் அளந்தார். மார்கழியில் டம்ளர் 20-ஐ ஒட்டி மங்கும். சித்திரையில் ஐஸ் போட்டுக் கை எடுப்பதற்குள், 25, 26-லேயே மங்கிவிடும். 24-ஐத் தாண்டி மங்கிய நாளில் ஜன்னலைத் திறந்து வையுங்கள், துணியை மாடியில் காயப்போடுங்கள், தாகம் எடுக்கும் முன்பே தண்ணீர் குடியுங்கள். மங்கிய எண்ணை ஹாஸ்டல் அறிவிப்புப் பலகையில் தேதி போட்டு எழுதி வையுங்கள்.